நோவுக்கு நாள் குறிக்கும் பிள்ளை

"டேட்டு கழிஞ்சு மூணு நாளாச்சு மக்களே, இன்னும் நோவு காணல்லியே."

நாகர்கோவில் பக்கம் நிறைமாதப் பெண் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி கேட்கும். பாட்டி சீரகத் தண்ணீர் கொதிக்க வைப்பார். வெளிநாட்டில் நர்ஸ் வேலை பார்க்கும் சித்தி வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, பிள்ளை அசைகிறதா, தண்ணீர் ஏதும் போனதா என்று விசாரிப்பார். வளைகுடாவிலிருந்து வந்திருக்கும் கணவருக்கு லீவு முடியப் போகிற கவலை. எல்லாரும் தாயின் உடம்பையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் நோவு எப்போது தொடங்க வேண்டும் என்பதில் வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்கும் பெரிய பங்கு உண்டு. அந்தப் பங்கு என்ன, பிள்ளை தன் சேதியை எப்படிச் சொல்கிறது என்று தெரிந்தால், இந்தக் கடைசி வாரங்களில் எடுக்கும் பல முடிவுகளை நிதானமாக எடுக்கலாம்.

முதலில் அந்த டேட்டு. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணி, கர்ப்பிணி அட்டையில் எழுதித் தருகிறார்கள். அது ஒரு சராசரிக் கணக்கு. நூறு பேரில் நாலைந்து பேருக்குத்தான் சரியாக அந்த நாளில் பிரசவம் நடக்கிறது. 37 வாரம் முடிந்ததிலிருந்து 42 வாரம் தொடும் வரை நிறைமாதக் காலம்தான். இந்த ஐந்து வாரத்துக்குள் ஏதோ ஒரு ராத்திரி, ஏதோ ஒரு மணிக்கு நோவு பிடிக்கிறதே, அதை யார் தொடங்கி வைக்கிறார்கள்? பழைய கிரேக்க மருத்துவர் ஹிப்பாகிரட்டீஸின் மரபில் இதற்கு ஒரு பதில் உண்டு. உள்ளே சாப்பாடு போதாமல் போகும்போது பிள்ளை கையையும் காலையும் உதைத்துக்கொண்டு வெளியே வருகிறது என்றார்கள். சொன்ன காரணம் தவறு. ஆனால் பிள்ளையைக் கைகாட்டினார்களே, அது சரிதான்.

கருப்பை ஒரு தசைப்பை. சுருங்குவதுதான் அதன் இயல்பு. மாதவிலக்கு நாட்களில் அடிவயிறு பிடித்து இழுப்பதும் அதனால்தான். அப்படிப்பட்ட தசை, மூன்று கிலோ பிள்ளையையும் பனிநீரையும் சுமந்து, அவ்வளவு இழுபட்ட பிறகும் மாதக்கணக்கில் அமைதியாக இருக்கிறது. காரணம் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். முதல் இரண்டு மாதம் தாயின் சினைப்பை அதைச் சுரக்கிறது. அப்புறம் நஞ்சுக்கொடி அந்த வேலையை ஏற்றுக்கொண்டு, நிறைமாதத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 250 மில்லிகிராம் வரை தயாரிக்கிறது. இது வேலை செய்யும் வரை கருப்பைத் தசை தளர்ந்திருக்கும், கருப்பை வாய் இறுகி மூடியிருக்கும். இதன் வேலையைத் தடுக்கும் மிஃபெப்ரிஸ்டோன் மருந்தைக் கொடுத்தால் கர்ப்பத்தின் எந்தக் கட்டத்திலும் கருப்பை விழித்துக்கொள்ளும். ஆக, நோவு வருவதென்றால் முதலில் இந்தக் கட்டு அவிழ வேண்டும்.

அதை அவிழ்ப்பது யார் என்பதற்கு முதல் தடயம் ஆடுகளிடமிருந்து கிடைத்தது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், முகத்தின் நடுவே ஒற்றைக் கண்ணோடு செம்மறிக் குட்டிகள் பிறந்துகொண்டிருந்தன. 1950களில் அரசு ஆராய்ச்சியாளர்கள் மேய்ச்சல் நிலத்தோடு கிடந்து காரணத்தைத் தேடினார்கள். மலைப் புல்வெளியில் முளைக்கும் ஒரு காட்டுச் செடியை, சினை பிடித்த பதினான்காம் நாள் வாக்கில் தாய் ஆடு தின்றுவிட்டால், அதிலுள்ள நஞ்சு குட்டியின் மூளையும் முகமும் உருவாவதைக் கெடுத்துவிடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். கூடவே இன்னொரு விசித்திரமும் இருந்தது. அந்தக் குட்டிகளைச் சுமந்த ஆடுகளில் பல, நாள் தாண்டியும் ஈனவில்லை. குட்டி உள்ளேயே வளர்ந்துகொண்டு போனது. மூளைக்கு அடியில் இருக்க வேண்டிய பிட்யூட்டரி சுரப்பி அந்தக் குட்டிகளுக்குச் சரியாக அமையவில்லை.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மகப்பேறு மருத்துவராக இருந்த கிரகாம் லிகின்ஸ் 1960களில் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தார். வயிற்றுக்குள் இருக்கும் குட்டியின் பிட்யூட்டரியை அழித்தால் தாய்க்கு நோவு வரவில்லை. எதிர்த்திசையில், குட்டிக்கு கார்ட்டிசோல் ஹார்மோனைச் செலுத்தினால் நாள் ஆகும் முன்பே தாய் ஈன்றுவிட்டது. மருந்து போனது குட்டிக்கு, நோவு பிடித்தது தாய்க்கு. குட்டியின் மூளை பிட்யூட்டரிக்குச் சொல்கிறது. பிட்யூட்டரி, சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி இருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டுகிறது. அட்ரினல் கார்ட்டிசோலைச் சுரக்கிறது. அந்தக் கார்ட்டிசோல் செம்மறியின் நஞ்சுக்கொடியில் ஒரு நொதியை எழுப்பிவிட, கருப்பையை அடக்கி வைத்திருந்த புரோஜெஸ்டிரோன் அப்படியே ஈஸ்ட்ரோஜனாக மாறத் தொடங்குகிறது. அடக்கும் ஹார்மோன் குறையக் குறையத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது. நம் மாவட்டத்தில் ரப்பர் தோட்டத்திலும் தென்னந்தோப்பிலும் மேயும் வெள்ளாடுகளில் வழி கொஞ்சம் மாறும், ஆனால் அங்கேயும் புரோஜெஸ்டிரோனை வீழ்த்துவது குட்டியின் கார்ட்டிசோல்தான். 150 நாளை ஒட்டி மடி இறங்குவதைப் பார்த்து ஆடு வளர்ப்பவர் ஆட்டைத் தனியாகக் கட்டுகிறார் என்றால், குட்டி அனுப்பிய சேதி மடி வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள்.

இதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட்டால் கதை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் நம் நஞ்சுக்கொடியில் அந்த நொதி கிடையாது. நோவு பிடிக்கும் அன்றைக்குத் தாயின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தாலும் புரோஜெஸ்டிரோன் அளவு குறைந்திருக்காது. பல காலம் ஆராய்ச்சியாளர்களைக் குழப்பியது இதுதான். இப்போது கிடைத்திருக்கும் விளக்கத்தின்படி, மாற்றம் ரத்தத்தில் நடக்கவில்லை; கருப்பைத் தசையின் செல்களுக்குள் நடக்கிறது. புரோஜெஸ்டிரோனின் சேதியை வாங்கும் ஏற்பிகளில் 'ஏ', 'பி' என்று இரண்டு வகை உண்டு. 'பி' வகை தசையை அமைதியாக வைத்திருக்கும். 'ஏ' வகை அந்த வேலைக்குத் தடை போடும். மாதம் நிறையும்போது 'ஏ' வகையின் பங்கு கூடிவிடுகிறது. ஹார்மோன் வழக்கம்போல் வந்துகொண்டே இருக்கும், ஆனால் அதன் பேச்சு எடுபடாது.

மனிதப் பிள்ளை தன் பங்கைச் செய்யும் வழியும் வேறு. அதன் அட்ரினல் சுரப்பி உடம்பின் அளவுக்குப் பொருத்தமே இல்லாத அளவு பெரியது. நிறைமாதத்தில் கிட்டத்தட்ட பெரியவர்களின் அட்ரினல் எடைக்கு இருக்கும். பிறந்து சில வாரங்களில் அந்தப் பெரிய பகுதி சுருங்கிப் போய்விடும். வயிற்றுக்குள் இருக்கும்போது மட்டும் வேண்டிய வேலை அது என்பது இதிலிருந்தே தெரிகிறது. அங்கே சுரக்கும் டிஹெச்இஏ சல்பேட் என்ற மூலப்பொருள் பிள்ளையின் ரத்தத்தோடு நஞ்சுக்கொடிக்குப் போய் ஈஸ்ட்ரோஜனாகிறது. ஈஸ்ட்ரயால் என்ற வகையை எடுத்துக்கொண்டால், அதற்கான மூலப்பொருளில் சுமார் 90 சதவீதம் பிள்ளை தந்தது. மூலப்பொருள் பிள்ளையிடம், அதை முடித்துத் தரும் நொதி நஞ்சுக்கொடியிடம், அது வேலை செய்வது தாயின் கருப்பையில். மூன்று இடமும் சேர்ந்தால்தான் காரியம் நடக்கும். மூளை உருவாகாத பிள்ளைகளைச் சுமக்கும் தாய்மார்களில், பனிநீர் அளவு மீறிச் சேராதபோது, சிலருக்குக் கர்ப்பம் நாள் தாண்டி நீள்வதை மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் அட்ரினல் மிகச் சிறியதாக இருக்கும்.

இந்தச் சங்கிலியை முடுக்கிவிடுவது சிஆர்ஹெச் என்ற ஹார்மோன். சாதாரணமாக இது மூளையில் சுரப்பது. மனிதர், குரங்கு போன்ற இனங்களில் மட்டும் நஞ்சுக்கொடியும் இதைச் சுரக்கிறது. மூளையில் கார்ட்டிசோல் கூடினால் சிஆர்ஹெச் சுரப்பது நின்றுவிடும். நஞ்சுக்கொடியில் தலைகீழ்: கார்ட்டிசோல் கூடக்கூட சிஆர்ஹெச்சும் கூடும், சிஆர்ஹெச் கூடினால் பிள்ளையின் அட்ரினல் இன்னும் வேகமாக வேலை செய்யும். ஒன்றை ஒன்று ஏற்றிவிட்டுக்கொண்டே கடைசி வாரங்களில் அளவு சரசரவென்று ஏறுகிறது. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் ரோஜர் ஸ்மித் குழுவினர் 1995ல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. 16 முதல் 20 வாரத்திலேயே தாயின் ரத்தத்தில் சிஆர்ஹெச் அதிகமாக இருந்தவர்களில் குறைமாதப் பிரசவமும், குறைவாக இருந்தவர்களில் நாள் தாண்டிய பிரசவமும் கூடுதலாக நடந்தன. நாலாம் ஐந்தாம் மாதத்திலேயே நஞ்சுக்கொடியில் கணக்கு ஓடத் தொடங்கிவிடுகிறது என்று அவர்கள் சொன்னார்கள். ஆனாலும் தனி ஒரு பெண்ணுக்கு இன்ன நாளில் நோவு வரும் என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்றைக்கும் நடைமுறையில் இல்லை.

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்தது நுரையீரலின் பங்கு. வயிற்றுக்குள் பிள்ளைக்கு மூச்சு வேண்டாம். நுரையீரல் முழுக்க நீர்தான் இருக்கும். வெளியே வந்த முதல் நிமிடத்திலேயே அது காற்றால் விரிந்தாக வேண்டும். நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பான பூச்சு தேவை. கடைசி வாரங்களில் நுரையீரல் அதை நிறையத் தயாரித்து, கொஞ்சம் பனிநீரிலும் கலக்க விடுகிறது. அமெரிக்காவின் டல்லாஸில் கரோல் மெண்டல்சன் குழு 2004ல் எலிகளில் காட்டியது இது: அந்தப் பூச்சில் உள்ள ஒரு புரதத்தைப் பனிக்குடத்துக்குள் முன்கூட்டியே செலுத்தினால் எலி சீக்கிரம் ஈன்றது, அந்தப் புரதத்தைத் தடுத்தால் தாமதமானது. நுரையீரல் தயாரானதே கருப்பைக்கு ஒரு அறிவிப்பாகப் போய்ச் சேர்கிறது. மனிதரில் இதே பாதை இதே மாதிரி நடக்கிறது என்று இன்னும் நிறுவப்படவில்லை. ஆனால் கார்ட்டிசோல் விஷயம் மனிதருக்கும் பொருந்தும். நோவை நோக்கித் தள்ளும் அதே கார்ட்டிசோல்தான் பிள்ளையின் நுரையீரலையும் பக்குவப்படுத்துகிறது. நாள் குறிப்பதும் பயணத்துக்குத் தயாராவதும் ஒரே கையால் நடக்கிறது.

இது தெரிய வந்ததும் லிகின்ஸின் ஆடுகளால்தான். கார்ட்டிசோல் கொடுத்துக் குறைமாதத்தில் பிறந்த ஒரு குட்டி, கணக்குப்படி மூச்சு விடவே கூடாத வயதில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதன் நுரையீரலைப் பார்த்தால் ஓரளவு விரிந்திருந்தது. வேறு யாராவது என்றால் இதைக் கவனிக்காமல் போயிருக்கலாம். லிகின்ஸ் குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியைச் சேர்த்துக்கொண்டு, குறைமாத வலி வந்த 282 தாய்மார்களிடம் இதைச் சோதித்து 1972ல் வெளியிட்டார். மூச்சுத்திணறல் நோய் 26 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைந்தது. பிறந்த சில நாட்களுக்குள் நேரும் இறப்பு 15 சதவீதத்திலிருந்து 3 சதவீதமானது. இவ்வளவு தெளிவான முடிவு வந்தும், அமெரிக்காவில் இதை எல்லாருக்கும் கொடுங்கள் என்று வல்லுநர் குழு பரிந்துரைக்க 1994 ஆகிவிட்டது. இடைப்பட்ட 22 ஆண்டில் மூச்சுக்குத் தவித்து இறந்த பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

இந்தியாவில் 2014ல் வந்த அரசு வழிகாட்டுதல், 24 முதல் 34 வாரத்துக்குள் குறைமாத வலி வந்தால் டெக்சாமெத்தசோன் என்ற கார்ட்டிசோல் வகை ஊசி போடச் சொல்கிறது: 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, நான்கு ஊசி. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் முதல் ஊசியைக் கிராம சுகாதார செவிலியரே போடலாம். மருந்தோ சாதாரணமானது. 2 மில்லி குப்பி, மில்லிக்கு 4 மில்லிகிராம். ஒன்றரை மில்லி இழுத்துத் தொடையில் போட வேண்டியதுதான். பேச்சிப்பாறைக்கு மேலே காணி மக்கள் குடியிருப்பிலிருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு பெண்ணை இறக்கிக் கொண்டுவரும் நேரத்தில், வழியில் போட்ட அந்த ஒன்றரை மில்லி பிள்ளையின் நுரையீரலில் வேலையைத் தொடங்கியிருக்கும். ஏழு மாதத்தில் வலி வந்தால் "சூட்டு வலியாக இருக்கும், சீரகத் தண்ணீர் குடித்துப் படு" என்று விட்டுவிடக் கூடாது என்று சொல்வது இதனால்தான். விட்டு விட்டு வரும் வலி சீராக வரத் தொடங்கினால், பனிநீர் கசிந்தால், ரத்தம் பட்டால், நடந்தாவது ஆட்டோ பிடித்தாவது கிளம்பிவிட வேண்டும். 108 இருக்கவே இருக்கிறது.

குறைமாத வலியில் பல சமயம் பிள்ளையின் சேதி வந்திருக்காது. கிருமித்தொற்று அந்த இடத்தில் புகுந்து கதவைத் தட்டும். தொற்று பனிக்குடச் சவ்வை எட்டினால் அழற்சி உண்டாகி, நோவைத் தூண்டும் புராஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருள்கள் நேரம் தெரியாமல் சுரந்துவிடும். கவனிக்காமல் விட்ட சிறுநீர்த் தொற்றும் குறைமாதப் பிரசவத்தோடு தொடர்புடையது. கழிப்பறை சரியாக இல்லாத இடத்தில் நாள் முழுக்க வேலை பார்த்து, தண்ணீர் குடித்தால் போக வேண்டி வருமே என்று தாகத்தை அடக்கிக்கொள்ளும் பெண்கள் நம்மிடையே உண்டு. முந்திரி ஆலையிலும் மீன் சந்தையிலும் கர்ப்பிணிகளுக்கு ஒரு நல்ல கழிப்பறை கேட்பது, குறைமாதப் பிரசவத்துக்கு எதிராகக் கேட்பதுதான்.

சரி, பிள்ளையும் நஞ்சுக்கொடியும் சேதி சொல்லியாயிற்று. கருப்பை என்ன செய்கிறது? மணக்குடி, பள்ளம் கடற்கரைகளில் பலர் சேர்ந்து கரமடி வலையைக் கரைக்கு இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அத்தனை பேரும் கயிற்றைப் பிடித்திருந்தாலும் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் மடி அசையாது. ஒரே மூச்சில் இழுத்தால்தான் கரைக்கு வரும். கருப்பைச் செல்களை அப்படி ஒரே மூச்சில் இழுக்க வைப்பது ஈஸ்ட்ரோஜன். அதன் தூண்டுதலில் பக்கத்துச் செல்களுக்கு இடையே கனெக்சின் 43 என்ற புரதத்தால் ஆன நுண்வழிகள் திறக்கின்றன. ஒரு செல்லில் எழும் மின்தூண்டல் அடுத்தடுத்த செல்லுக்குப் பாய்ந்து கருப்பை முழுவதும் சேர்ந்து சுருங்குகிறது. எட்டாம் மாதத்தில் வந்து போகும் பொய்வலியில் இந்த இணைப்பு இல்லை. அங்கங்கே இறுகும், அப்புறம் தளர்ந்துவிடும். பிரசவ அறையில் செவிலியர் வயிற்றில் கையை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது இந்த ஒற்றுமையைத்தான்: பத்து நிமிடத்தில் மூன்று நான்கு வலி, ஒவ்வொன்றும் நாற்பது விநாடிக்கு மேல் நின்றால் கருப்பை ஒரே பேச்சாகப் பேசுகிறது.

கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஹார்மோன் இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. 1906ல் ஹென்றி டேல் பிட்யூட்டரிச் சாறு பூனையின் கருப்பையைச் சுருங்க வைப்பதைக் கண்டார். 1953ல் வின்சென்ட் டு விக்னோ ஆக்சிடோசினைச் செயற்கையாகத் தயாரித்து, 1955ல் நோபல் பரிசு பெற்றார். அதனால் நோவு என்றாலே 'வலி ஊசி'தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் முக்கியம் ஊசியின் அளவு அல்ல, அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள். மாதம் நிறையும்போதுதான் கருப்பையில் அவை பெருகுகின்றன. கருப்பை வாய் மெத்தென்று ஆகாத பெண்ணுக்கு டிரிப் ஏற்றினால் மணிக்கணக்கில் வலி எடுத்தும் வழி திறக்காமல் போவது இதனால்தான். முதலில் புராஸ்டாகிளாண்டின் ஜெல் வைத்தோ, சின்ன பலூன் குழாய் செருகியோ வாயைப் பக்குவப்படுத்திவிட்டு, பிறகு டிரிப் போடுவது சரியான வரிசை. பிள்ளையின் தலை வாயை அழுத்தத் தொடங்கிவிட்டால் தாயின் மூளையே இன்னும் இன்னும் ஆக்சிடோசினை அனுப்பும். பிள்ளையின் சொந்தப் பிட்யூட்டரியும் கொஞ்சம் சுரக்கிறது.

இதையெல்லாம் படித்த பிறகு, பஞ்சாங்கம் பார்த்து ஆபரேஷன் நாள் குறிப்பதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கொல்லம் ஆண்டுக் கணக்கும் நட்சத்திரமும் நம் மாவட்டத்தில் ஆழமாக வேர்விட்டவை. பிறந்த பிள்ளைக்கு அவற்றைப் பார்ப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. பிறப்பதற்கு முன் பார்ப்பதுதான் சிக்கல். நல்ல நட்சத்திரம் 37ஆவது வாரத்தில் வருகிறது என்பதற்காக வலியே வராத பெண்ணை அறுத்தால், பிள்ளையின் கார்ட்டிசோல் ஏறி முடித்திருக்காது. நோவின்போது சுரக்கும் அட்ரினலின்தான் நுரையீரலில் உள்ள நீரை உறிஞ்ச வைக்கிறது, அதுவும் கிடைக்காது. 39 வாரத்துக்கு முன், வலி வராமல் சிசேரியனில் பிறக்கும் பிள்ளைகள் வேகவேகமாக மூச்சு வாங்கி, தாயை விட்டு பிள்ளைகள் வார்டுக்குப் போவது கூடுதலாக நடக்கிறது. மருத்துவக் காரணம் இல்லாவிட்டால் 39 வாரம் முடியும் வரை பொறுக்க வேண்டும் என்று மகப்பேறு மருத்துவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

அதற்காக, பிள்ளை எப்போது வருமோ வரட்டும் என்று காத்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. நாள் தாண்டத் தாண்டப் பிள்ளை உள்ளேயே இறந்துபோகும் அபாயம் ஏறும். 41 வாரம் முடிந்தால் வலியைத் தூண்டிவிட உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறினாலோ, சர்க்கரை கட்டுக்குள் வராவிட்டாலோ, பிள்ளை வளராமல் நின்றாலோ மருத்துவர் அதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டியிருக்கும். அப்படிச் சொல்லும்போது "என்ன காரணம் டாக்டர், எத்தனை வாரம் ஆகிறது?" என்று கேட்கலாம், நல்ல மருத்துவர் விளக்குவார். பிள்ளையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் மட்டும் டேட்டு, வாரம் எதையும் பார்க்காமல் அன்றைக்கே போய்விட வேண்டும்.

பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடியும் விழுந்தவுடன் புரோஜெஸ்டிரோன் ஒரேயடியாக இறங்குகிறது. அந்த இறக்கம்தான் பால் சுரக்கக் கட்டளை. இரண்டு மூன்று நாளில் பால் கட்டுவது அதனால். செவிலியர் தொடையில் 10 யூனிட் ஆக்சிடோசின் போடுவது ரத்தப்போக்கை நிறுத்த. பிள்ளையை ஒரு மணி நேரத்துக்குள் மாரில் போட்டுவிட்டால், அது சப்பும்போது தாயின் மூளையிலிருந்து அதே ஆக்சிடோசின் வந்து கருப்பையைச் சுருக்கும். பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிப்பது இதுதான். இரண்டாவது மூன்றாவது பிரசவத்தில் இந்த இழுப்பு இன்னும் பலமாக இருக்கும், சில நாளில் தானே போய்விடும்.